தேறலும் தெளிவும்

தமிழில் மதுவுக்கு வழங்கிய பெயர்கள் பல. கள், நறவு, மது, மட்டு, பிழி, அரியல், தோப்பி, தேறல் எனச் சங்கப் பாடல்களில் அவை பரந்து கிடக்கின்றன. நிகண்டு நூலார் இவற்றையெல்லாம் ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்துவிட்டனர். அதனால், இப்பெயர்கள் யாவும் ஒன்றையே குறிப்பன, பாவலர் தம் செய்யுளின் தளைக்கும் தொடைக்கும் ஏற்ப ஒன்றை எடுத்து ஒன்றை விடுத்தனர் என்னும் எண்ணம் படிப்போரிடையே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பெயரையும் அதன் வேரோடு வைத்து நோக்கினால் வேறொரு செய்தி புலனாகும். இப்பெயர்களுட் சில, மதுவைச் செய்தவர் கைகளின் தொழிலைச் சொல்லுகின்றன. அத்தொழிலின் மையமாக இருந்தது ஒரே சிக்கல்: கலங்கிய நீர்மத்தைத் தெளியவைப்பது எவ்வாறு?

புதுச்சேரிக்கு இச்சிக்கலோடு நெருங்கிய உறவு உண்டு. நகருக்குத் தெற்கே அரிக்கமேடு. வடக்கே கடலோரமாகச் சென்றால் மரக்காணம். யவனர் கொணர்ந்த மதுவின் சாடிகள் முன்னதில் கிடைத்தன. நெய்தல் நிலத்துப் பெண் அரித்துத் தந்த மதுவைப் பற்றிய பாட்டு பின்னதைச் சார்ந்தது. ஒரு நாள் நடைக்குள் அமைந்த இவ்விரு ஊர்களுக்கு இடையே, வீட்டில் அட்ட மதுவின் வரலாறும், 'தெளிவு' என்னும் சொல்லின் வரலாறும் ஒருங்கே விரிந்து கிடக்கின்றன.

மூன்று பெயர்கள், மூன்று செயல்கள்

அரியல் என்பது அரித்தலால் வந்த பெயர். அரித்தலாவது சல்லடையிலோ நாரிலோ இட்டுக் கோதைப் பிரித்தல். பிழி என்பது பிழிதலால் வந்த பெயர். ஊறிய கூழைக் கையால் அலைத்துச் சாற்றை வேறாக்குதல் பிழிதல். தேறல் என்பது தேறுதலால் வந்த பெயர். அசையாமல் வைத்துக் கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதை இறுத்து எடுப்பது தேறல். தெள், தெளி, தெளிவு, தேறு, தேற்றம் என்பன யாவும் ஒரு குடும்பத்துச் சொற்கள்.

ஆக, மூன்று பெயர்களும் மூன்று படிநிலைகளைக் காட்டுகின்றன. முதலில் பிழிவு, அடுத்து வடிகட்டல், இறுதியில் காலத்தின் கையில் ஒப்படைத்துக் காத்திருத்தல். இன்று வீட்டில் பீர் வடிக்கும் மேலைநாட்டார் தம் கையேடுகளில் விரித்துரைக்கும் படிநிலைகளும் இவையே. அவர்கள் கருவிகளின் பெயரால் சொல்வதைப் பழந்தமிழர் மதுவின் பெயராகவே ஆக்கிக்கொண்டனர்.

இவற்றுள் தேறல் என்னும் பெயரே பாவலர்க்கு மிகவும் உவப்பானது. அரசர் அவையிலும், மலைக் குறவர் குடியிலும், கடற்கரைப் பரதவர் சேரியிலும் சிறந்த மது எனப் போற்றப்படும் இடங்களில் பெரிதும் இச்சொல்லே வருகிறது. கலங்கல் உண்ணத்தக்கது, தெளிந்தது விருந்துக்கு உரியது என்னும் மதிப்பீடு இதில் அடங்கியுள்ளது.

பெரும்பாணாற்றுப்படை கூறும் செய்முறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகள் கொண்டது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் பதிப்பித்தபோது இப்பாட்டும் அச்சேறியது. பாணன் காஞ்சி நோக்கிச் செல்லும் வழியில் எந்த நிலத்தில் எவ்வுணவு கிடைக்கும் என்று கூறிவரும் இப்பாட்டில் இருவகை மதுச் செய்திகள் உள்ளன.

பாலை நிலத்து வீரர் ஆநிரைகளைக் கவர்ந்து வந்து, அவற்றைக் கள்ளுக்கு விலையாகக் கொடுக்கின்றனர். அதனோடு தம் இல்லத்தில் அட்ட தோப்பியையும் பருகி, மன்றத்தில் ஆடுகின்றனர். விலைக்குப் பெறும் மது வேறு, வீட்டில் ஆக்கும் மது வேறு என்னும் பாகுபாடு இங்கே தெளிவாகக் கிடக்கிறது. தோப்பி என்பதற்கு நெல்லாற் செய்த கள் என்று உரை கூறுவர். அகநானூற்றில் நடுகல்லுக்குப் படைக்கப்படும் பொருள்களிலும் தோப்பிக்கு இடமுண்டு. ஆகவே, பனையும் தென்னையும் தந்த கள்ளோடு, தவசத்தால் வீட்டில் ஆக்கிய மதுவும் பண்டைத் தமிழகத்தில் வழங்கியது என்பது உறுதி. பீர் என்பது தவசத்து மாவுப்பொருளை முளையின் துணையால் இனிப்பாக்கிப் புளிக்கவைத்த மது. அவ்விலக்கணத்தின்படி தோப்பி, நெல்லில் ஆகிய பீர் ஆகும்.

இரண்டாவது செய்தி வலைஞர் குடியிருப்பில் வருகிறது. அங்கே ஒரு முழுச் செய்முறையே சொல்லப்படுகிறது. நன்கு குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகின்றனர். அகன்ற வாயுடைய பிழாவில் அதனைப் பரப்பி ஆற்றுகின்றனர். நெல்முளையை இடித்த அடையை அதிற் கலக்கின்றனர். அவ்வடையின் தோற்றத்திற்குப் பாம்பு வாழும் புற்றிலே கிடக்கும் புற்றாஞ்சோற்றை உவமை கூறுகிறார் புலவர். பின்னர் வலிய வாயுடைய சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுகின்றனர். பச்சைத்தன்மை நீங்கி முதிர்ந்தபின் வெந்நீர் சேர்த்து அரித்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். அந்த நறும்பிழியைப் பச்சைமீன் சூட்டோடு பாணர்க்கு அளிக்கின்றனர்.

இச்செய்முறையின் ஒவ்வொரு படியும் காரணத்தோடு அமைந்தது. அரிசியின் மாவுப்பொருள் பச்சையாக இருக்கும்போது முளையிலுள்ள நொதிப்பொருள் அதனை எளிதில் கரைக்காது. ஏறத்தாழ 70 பாகை வெப்பத்தை அடைந்து அது பசையாக நெகிழவேண்டும். அதற்காகவே முதலில் கூழ் காய்ச்சப்படுகிறது. கொதிக்கும் கூழில் முளையைக் கலந்தால் நொதிப்பொருள் வெப்பத்தால் கெட்டுவிடும். புளிக்கவைக்கும் நுண்ணுயிரும் மாண்டுவிடும். அதற்காகவே அகன்ற பிழாவில் ஆற்றப்படுகிறது. முளைக்கும் நெல்லில் தோன்றும் நொதிப்பொருள் மாவை இனிப்பாக மாற்றும். நுண்ணுயிர் அவ்வினிப்பை மதுவாக மாற்றும். இறுதியில் சேரும் வெந்நீர், கூழின் பசைத்தன்மையைத் தளர்த்திச் சாறு எளிதில் இறங்க உதவும். நொதியத்தின் தன்மையை ஐரோப்பிய அறிவியலார் விளக்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். வலைஞர் குடிப் பெண்கள் அதனை விரல்நுனியால் அறிந்திருந்தனர்.

கலங்கலின் காரணங்கள்

இவ்வாறு ஆக்கிய பிழி, பால்போற் கலங்கியே இருந்திருக்கும். அரித்தாலும் பிழிந்தாலும் பெருந்துகள்களே நீங்கும், நுண்துகள் நீங்காது. வீட்டு மது கலங்குவதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, கரையாது எஞ்சிய மாவு. பார்லி முளையை நோக்க நெல்முளையின் ஆற்றல் குறைவு. ஆதலால் அரிசி மதுவில் மாவு எஞ்சுவது மிகுதி. இக்கலங்கல் எத்தனை நாள் வைத்தாலும் முற்றும் நீங்காது. முளையோடு கூழ் உறவாடும் காலத்தை நீட்டித்தாலன்றி இதற்கு மருந்தில்லை. இரண்டாவது, மதுவில் மிதக்கும் நுண்ணுயிர். இது காத்திருந்தால் தானே அடியில் தங்கும். குளிர்ந்த இடத்தில் விரைந்து தங்கும். மூன்றாவது, தவசத்தின் புரதமும் துவர்ப்பொருளும் இணைந்து உண்டாக்கும் மங்கல். பார்லி பீரைக் குளிரூட்டும்போது தோன்றி, வெதுவெதுப்பானால் மறைவது இம்மங்கலே. பார்லித் தோலில் துவர்ப்பொருள் மிகுதி. தீட்டிய அரிசியில் அது மிகக் குறைவு. ஆதலால் நெல்மது செய்தோர்க்கு மூன்றாவது சிக்கல் சிறிது, முதலிரண்டும் பெரிது.

கள்ளின் நிலை வேறு. பாளையிலிருந்து இறங்கும் சாறு ஏறக்குறையத் தெளிந்தே இருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர் பெருகாது, அதுவே பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர் பெருகி வெண்ணிறக் கள்ளாகும். கள்ளின் வெண்மை அதன் உயிர்ப்பின் அடையாளம். இன்றும் புதுச்சேரியில் கள் இறக்குவோர், ஈக்களையும் பாளைத் துணுக்கையும் நீக்கவே வடிகட்டுவர். வெண்மையை நீக்க முயல்வதில்லை.

பழைய வடிகட்டி பன்னாடை. பனை, தென்னை மட்டைகளின் அடியில் இயற்கையாகவே நெய்ததுபோல் அமைந்த நார் அது. அதுவே நெய்யையும் தேனையும் கள்ளையும் அரிக்கப் பயன்பட்டது. நன்னூலார் கடைமாணாக்கர்க்கு உவமை கூறும்போது நெய்யரியையும் சேர்த்தார். நல்லதைக் கீழே விட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு என்பது காரணம். மாணாக்கனுக்கு அது இழிவு. மது அரிப்பவளுக்கோ அதுவே வேண்டிய குணம். கசட்டைத் தான் வைத்துக்கொண்டு தெளிந்ததைப் பிறர்க்கு விடுகிற பன்னாடைக்கு, இலக்கண நூலில் கிடைத்த பழி நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

எயிற்பட்டினத்து நுளைமகள்

புதுச்சேரிப் பகுதிக்கு மிக அண்மையான சான்று சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது இப்பாட்டு. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. பாணன் செல்லும் வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அறிஞர் பலர் இதனை மரக்காணம் என்று கொள்வர்.

அங்கே கடல் அலை கரையில் ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகள் கிடக்கின்றன. துயிலும் ஒட்டகத்தைப் போல் அவை தோன்றுகின்றன என்கிறார் புலவர். அவற்றை விறகாக்கித் தீ மூட்டுகிறாள் நுளைமகள். அவள் அரித்த, நாட்பட்ட தேறலைப் பரதவர் பாணர்க்கு ஊட்டுகின்றனர். குழல்மீனின் சூடும் உடன் கிடைக்கிறது.

இச்சிறு காட்சியில் மதுவைத் தெளியவைக்கும் இரு வழிகளும் ஒருங்கே வந்துள்ளன. அரித்தல் ஒன்று, பழமைப்படுதல் மற்றொன்று. அரித்த அன்றே அருந்தினால் அது அரியல். அரித்ததை நாட்பட வைத்தமையால் அது தேறல். இதைச் செய்தவள் ஒரு பெண் என்பதும், அவள் கடற்கரைக் குடியினள் என்பதும் கருதத்தக்கன. அரசர்க்குப் பொற்கலத்தில் மது ஏந்தும் மகளிரைப் பாட்டுகள் அடிக்கடி காட்டும். மதுவை ஆக்கித் தெளிவித்த பெண்ணைக் காட்டுவது அரிது. நத்தத்தனார் அவளுடைய திருமுகத்தின் அழகைப் பாடிய அதே இடத்தில் அவளுடைய தொழிலையும் பதிவு செய்துவிட்டார்.

மண்ணும் மூங்கிலும்

நாட்பட வைப்பதற்குப் பண்டையோர் தேர்ந்த இடங்களும் பொருள் பொதிந்தவை. பாரியின் பறம்பைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிர்வித்த மதுவின் தேறலைக் கூறுகிறார். இது புறநானூற்று 120ஆம் பாட்டில் வரும் செய்தி. மலைக் குறவர் மூங்கிற் குழாயில் முதிர்வித்த தேறலைத் திருமுருகாற்றுப்படையும் புறநானூறும் குறிக்கின்றன.

மண்ணிற் புதைத்த சாடிக்கு மூன்று நன்மைகள் உண்டு. வெயிலின் வெப்பம் அதனை எட்டாது. பகலிரவு மாற்றம் அதனைத் தாக்காது. எவரும் அதனை அசைக்கமாட்டார். குளிர்ச்சியும் அசைவின்மையும் கசடு தங்குவதற்கு இன்றியமையாதவை. இக்கால மதுவடிசாலைகளில் எஃகுத் தொட்டிகளைப் பனிநிலைக்கு அருகே குளிர்வித்து வாரக் கணக்கில் வைப்பர். நோக்கம் ஒன்றே, கருவி வேறு.

நாட்பட்ட தேறலின் வீறும் மிகுதி. அதன் கடுமைக்குத் தேளின் கடுப்பை ஒரு பாட்டும், பாம்பின் சினத்தை மற்றொரு பாட்டும் உவமை கூறும். தெளிந்து அமைதியாகத் தோன்றும் நீர்மத்துக்குள் பாம்பின் சினம் ஒளிந்திருப்பதைப் பாவலர் அறிந்தே பாடினர். தெளிவும் வீறும் ஒரே கலத்தில் இருக்கலாம் என்னும் இவ்வெச்சரிக்கை பிற்காலத்தில் பெரும்பொருள் பெறுவதாயிற்று.

அரிக்கமேட்டுச் சாடிகள்

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டின் பழமையை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தில் குறிப்பிட்டார். 20ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி அறிஞர் ழுவோ துப்ராய் அதன்பால் கவனம் திருப்பினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்வாய்வு நடத்தினார். 1947 முதல் 1950 வரை கசால் ஆராய்ந்தார். விமலா பெக்லி தலைமையிலான ஆய்வு 1989 முதல் 1992 வரை நடைபெற்றது. செங்கடல் செலவு நூல் கூறும் பொதுகே இதுவே என்பது பொதுவான கருத்து.

இங்குக் கிடைத்த இரு கைப்பிடிச் சாடிகளின் உடைசல்களை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்தார். அவற்றுட் பெரும்பகுதி திராட்சை மது கொணர்ந்தவை. கிரேக்கத் தீவாகிய கோசு நாட்டு வகைச் சாடிகள் மிகுதி. இத்தாலியின் கம்பானியா நாட்டுச் சாடிகளும் உண்டு. ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் கொணர்ந்தவை சில. மதுச் சாடிகளின் உட்புறத்தில் மரப்பிசின் பூசுவது யவனர் வழக்கம்.

பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நன்கலத்தில் தந்த குளிர்ந்த மணமிக்க தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர நாளும் உண்டு மகிழ்க என்று வாழ்த்துகிறார். இது புறநானூற்று 56ஆம் பாட்டில் உள்ளது. கலம் என்பதற்கு மரக்கலம் என்றும் மட்கலம் என்றும் பொருள் கொண்டு உரைகாரர் வேறுபடுவர். எவ்வாறாயினும், அயல்நாட்டுத் திராட்சை மதுவுக்கு நக்கீரர் புதுப்பெயர் இடவில்லை என்பது நோக்கத்தக்கது. நுளைமகள் அரித்ததற்கு வழங்கிய அதே பெயரை இதற்கும் வழங்கினார். எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டன்று, தெளிந்திருக்கிறதா என்பதைக் கொண்டே தமிழ் பெயரிட்டது.

யவனரும் தெளிவுக்காக உழைத்தனர். மதுவை ஊற்றுமுன் துளையிட்ட உலோக வடிகட்டியில் வடித்தனர். உரோமக் கவிஞர் ஓரேசு தம் அங்கதப் பாட்டொன்றில், புறாவின் முட்டையை இட்டால் மஞ்சட்கரு அடிநோக்கி இறங்குகையில் கசட்டையும் சேர்த்து இழுத்துச் செல்லும் என்னும் வழியைக் குறிக்கிறார். பிற்காலத்தில் பிரான்சின் போர்தோ நாட்டார் முட்டை வெண்கருவால் செந்நிற மதுவைத் தெளிவித்தனர். பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் நிலைகொண்டபின், இக்கரைக்கு வந்திறங்கிய திராட்சை மதுவின் பின்னே இம்மரபு இருந்தது.

தேற்றாங்கொட்டையும் மீனின் காற்றுப்பையும்

கலங்கலைத் தெளியவைக்கும் பொருளுக்குத் தமிழர் அறிந்த முதல் எடுத்துக்காட்டு தேற்றா மரத்தின் விதை. பழம்பாட்டில் இம்மரத்திற்கு இல்லம் என்பது பெயர். நெய்தற்கலியில் ஓர் உவமை வருகிறது. பிரிவால் மனங்கலங்கிய தலைவி தலைவனைக் கண்டதும் தெளிந்த நிலைக்கு, இவ்விதையால் கலத்தில் தேற்றிய கலங்கல் நீர் உவமையாகிறது. விதையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றி வைத்தால் மண்துகள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் தங்கும். மரத்தின் பெயரும், செயலின் பெயரும், மனநிலையின் பெயரும் ஒன்றாக அமைந்த அரிய இடம் இது.

இதே தத்துவத்தில் ஐரோப்பியர் பீரைத் தெளியவைக்கக் கையாண்டது மீனின் காற்றுப்பை. இரசிய ஆறுகளின் ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையை உலர்த்திப் புளித்த நீரில் ஊறவைத்தால் கூழ்போல் ஆகும். பீரின் புளிப்பில் இக்கூழ் நேர்மின்தன்மை கொள்ளும். மிதக்கும் நுண்ணுயிர் எதிர்மின்தன்மை உடையது. இரண்டும் ஈர்த்துப் பற்றிக் கனத்துக் கீழே இறங்கும். நாட்கணக்கில் தங்கவேண்டிய கசடு விரைந்து தங்கிவிடும்.

இரசியச் சரக்கு விலை மிகுந்தது. ஆதலால் ஆங்கிலேயர் இந்தியக் கடலோரத்து மீன்களை நாடினர். ஜான் ஃபோர்ப்சு ராயில் 1842இல் இந்தியக் கடற்கரைகளில் இப்பொருளை ஆக்குவது பற்றித் தனி நூலே வெளியிட்டார். காலா மீனின் இனங்கள் அதில் முதன்மை பெற்றன. இந்தியக் கடலோரத்தில் பிடிபட்ட மீனின் காற்றுப்பை, கடல் கடந்து பிறர் குவளைப் பீருக்குத் தெளிவு தரும் சரக்காயிற்று.

அதன்பின் தொழில்நுட்பம் விரைந்து மாறியது. 1842இல் பொகீமியாவின் பில்சன் நகரில் பொன்னிறப் பீர் உருவானது. கண்ணாடிக் குவளை பரவலாயிற்று. மண்குவளையிலும் ஈயக் குவளையிலும் கண்ணுக்குத் தெரியாத கலங்கல், கண்ணாடியில் குறையாகத் தெரிந்தது. 1878இல் ஜெர்மானியர் எஞ்சிங்கர் பீர் வடிகட்டும் பொறியை அமைத்தார். 1911இல் அமெரிக்காவில் லியோ வாலர்ஸ்டைன், பப்பாளிப் பாலில் உள்ள நொதிப்பொருளைக் கொண்டு குளிரில் தோன்றும் மங்கலை நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பப்பாளிப் பாலை உலர்த்தி ஏற்றுமதி செய்த நாடுகளுள் இலங்கை குறிப்பிடத்தக்கது.

வடித்தலின் பொருள் மாறியது

சங்ககாலத் தேறல், காய்ச்சி ஆவியாக்கிக் குளிர்வித்த மது அன்று. ஆவியாக்கி இறக்கும் சாராயம் பிற்காலத்தது. சாராயம் வந்தபின் 'வடித்தல்' என்னும் சொல்லுக்கே பொருள் மாறியது. முன்பு வடித்தலாவது கசடு பிரித்தல். பின்பு அது தீயில் ஏற்றி ஆவியை இறக்குவதாயிற்று. ஆவியில் கசடு ஏறாது. ஆதலால் சாராயம் எவருடைய பொறுமையையும் வேண்டாமலே பளிங்குபோல் தெளிந்து இறங்கியது. நாட்பட வைத்தலும், மண்ணிற் புதைத்தலும், நார் கொண்டு அரித்தலும் தேவையற்றுப் போயின. தெளிவு எளிதாகக் கிடைத்த நாள்முதல், தேறல் என்னும் சொல் பேச்சிலிருந்து மெல்ல மறைந்து நிகண்டுக்குள் ஒதுங்கியது.

மதுவை அறம் ஏற்கவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். பின்வந்த சமயச் சான்றோரும் அறநூலாரும் அவ்வழி நின்றனர். இக்கால அரசியலிலும் அக்குரல் ஒலித்தது. 1937இல் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து, பின்னர் மறுபடியும் தளர்ந்தது. கள்ளுக்கடைகள் 1987 முதல் தமிழ்நாட்டில் மூடப்பட்டன. புதுச்சேரியோ 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் வேறு வழியில் சென்றது. இங்கே கள்ளுக்கும் சாராயத்துக்கும் உரிமம் பெற்ற கடைகள் தொடர்ந்தன. உரிமமின்றி இல்லத்தில் மது ஆக்குதல் சட்டத்துக்குப் புறம்பானது. பெரும்பாண் கூறும் இல்லத்து மது இன்று நூலில் மட்டுமே உள்ளது.

தெளிவு வேறு, தூய்மை வேறு

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் சிற்றூரில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்திப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். எயிற்பட்டினம் மரக்காணமே எனக் கொண்டால், நுளைமகள் பாணனுக்குத் தேறல் தந்த கடற்கரை அது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர்.

மெத்தனால் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள். நிறமற்றது; கலங்கலற்றது; மணத்தாலும் எளிதில் பிரித்தறிய இயலாதது. உடலுள் சென்றபின் பார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பை அழித்து உயிரை வாங்கும். அரிசியைப் புளிக்கவைத்த மதுவில் இது பொருட்படுத்தத் தக்க அளவில் உண்டாவதில்லை. வெளியிலிருந்து கலக்கப்படுவதே கேடு. இறந்தவர்களின் கைக்கு வந்தது கலங்கிய நீர்மம் அன்று, தண்ணீரைப்போல் தெளிந்தது.

கண்ணுக்குத் தெளிந்த ஒன்று நம்பத்தக்கது என்னும் பழைய எண்ணம் இங்கே முற்றும் பொய்த்துவிட்டது. தேறலில் தெளிவு ஒரு சான்றாக நின்றது. கூழை ஆற்றினர், முளையைக் கலந்தனர், அரித்தனர், நாட்பட வைத்தனர், அசைக்காது காத்தனர் என்பதற்கு அத்தெளிவே சாட்சி. ஆக்கியவளின் முகமும் அருந்தியவர்க்குத் தெரியும். அந்த உழைப்பும் அந்த முகமும் இல்லாத தெளிவுக்கு எதையும் மெய்ப்பிக்கும் ஆற்றல் இல்லை.

தமிழ் இவ்வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தது. தேறுதல் என்னும் சொல்லுக்குத் தெளிதல் என்பதோடு, ஆராய்ந்து நம்புதல் என்றும் பொருளுண்டு. வள்ளுவர் அரசனுக்குத் துணைவரைத் தேர்வது பற்றி வகுத்த அதிகாரத்திற்குத் தெரிந்துதெளிதல் என்று பெயர். தெரிதல் முன்னது, தெளிதல் பின்னது. ஆராயாமல் தெளிதலும், தெளிந்தபின் ஐயுறுதலும் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. நோய் நீங்கினால் உடல் தேறியது என்பதும், தேர்வில் வென்றால் தேறினான் என்பதும், துயருற்றவர்க்குத் தேறுதல் கூறுவதும், இலக்கணத்தில் உறுதிப்பொருள் தரும் ஏகாரத்தைத் தேற்றம் என்பதும் இவ்வேரில் கிளைத்தவையே. மதுவின் பெயராக இறந்துபட்ட சொல், வாழ்வின் பெயராக இன்னும் நடமாடுகிறது.

பாவலர்க்கு இவ்வரலாற்றில் ஒரு பணி உண்டு. அரியல், பிழி, தோப்பி, தேறல் என்பவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வைக்காமல், அவ்வவற்றின் தொழிலறிந்து ஆளவேண்டும். அகராதி செய்வோர் 'மது' என்று ஒரே சொல்லால் பொருள் எழுதி முடித்துவிடாமல் இவ்வேறுபாடுகளைப் பதிவு செய்யவேண்டும். புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களில் பனையும் தென்னையும் ஏறுவோரிடமும், கடலோரக் குடிகளின் முதிய பெண்களிடமும், கலயம், பாளை, நார், வண்டல், ஊறல் ஆகியவற்றைப் பற்றிய சொற்கள் இன்னும் வழங்குகின்றன. மரமேறும் தொழிலுக்கு இளையோர் வருவது குறைந்துவரும் இக்காலத்தில், அச்சொற்களும் அத்தொழிலாளரோடு மறைந்துபோகக்கூடும். அவற்றைக் கேட்டு எழுதிவைக்க ஏடும் எழுதுகோலும் போதும். இலக்கிய வட்டங்கள் தம் அடுத்த பத்தாண்டில் மேற்கொள்ளத்தக்க தொண்டுகளுள் இதுவும் ஒன்றாக அமைவதாக.